கண் இமைப்பதற்குள்

திருச்சியில் கேமிங் சென்டர் வைக்கப் போவதாகச் சொல்லி, என் தங்கை மகன் ஒரு கொட்டேஷனைக் கொண்டு வந்து காட்டினான். இருபது சிஸ்டத்துக்கான கொட்டேஷன். முதல் வரியில் அந்த வரிசையிலேயே உயர்ந்த பிராசசர். அடுத்து பெரிய கிராபிக்ஸ் கார்டு. கேபினெட்டில் ஆறு ஃபேன், ஆறிலும் வண்ண விளக்கு. கீழே வர வரப் பொருளின் தரம் இறங்கிக்கொண்டே வந்தது. மானிட்டர் 75 ஹெர்ட்ஸ். மவுசும் கீபோர்டும் சேர்த்து இருப்பதிலேயே மலிவான ஒரு செட். சிஸ்டத்துக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் இருந்த இடத்தில் வாட் கணக்கு மட்டும் இருந்தது, கம்பெனி பெயர் இல்லை. யுபிஎஸ் என்ற சொல்லே எங்கும் இல்லை.

"எப்படி இருக்கு மாமா?"

"இதைக் கீழேயிருந்து படிப்போம் வா," என்றேன்.

கேமிங் சென்டர் விற்பது நேரத்தை. மணிக்கு இவ்வளவு என்று வாசலில் எழுதிப் போட்டு விற்கும் நேரம் ஒன்று. அதற்குள்ளே, கடிகாரத்தில் காட்ட முடியாத இன்னொரு நேரமும் இருக்கிறது. விளையாடும் பையன் மவுசைச் சொடுக்குகிறான், திரையில் துப்பாக்கி வெடிக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் அது. நன்றாக அமைந்த சிஸ்டத்தில் 20, 30 மில்லி விநாடியில் முடிந்துவிடும். மோசமாக அமைந்தால் 100-ஐத் தாண்டும். தமிழ் இலக்கணம் ஒலியை அளக்க மாத்திரை என்ற அளவை வைத்திருக்கிறது. கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் என்று தொல்காப்பியம் அதற்கு அளவு சொன்னது. ஒரு இமைப்பு சுமார் 300 மில்லி விநாடி என்று வைத்துக்கொண்டால், நாம் பேசிக்கொண்டிருப்பது அதில் பத்தில் ஒரு பங்கைப் பற்றி.

இவ்வளவு சிறிய நேரத்தை மனிதனால் உணர முடியுமா? கண்ணில் பட்டதற்கு விரல் அசையவே 200 முதல் 250 மில்லி விநாடி ஆகிறது. ஆனால் எதிரில் ஆடுகிறவனுக்கும் அதே 200 தான். இருவரும் ஒரே கணத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டால், யாருடைய சிஸ்டம் 30 மில்லி விநாடி முந்துகிறதோ அவர் பிழைக்கிறார். தோற்ற பையனுக்குக் காரணம் சொல்லத் தெரியாது. "இந்த சீட் சரியில்லண்ணா" என்பான். மறுநாள் வேறு கடைக்குப் போய்விடுவான். அதனால் ஒரு பொருள் எவ்வளவு வலுவானது என்று கேட்பதற்கு முன், விளையாடுகிறவன் எங்கே காத்திருக்கிறான் என்று தேடினால்தான் சரியான கொட்டேஷன் கிடைக்கும்.

கடைசி வரியில் இருந்த மவுசிலிருந்தே ஆரம்பித்தோம்.

மவுசின் வயிற்றில் ஒரு கேமரா இருக்கிறது. அது மேஜையைப் படம் எடுத்துக்கொண்டே இருக்கும். அடுத்தடுத்த இரண்டு படங்களை ஒப்பிட்டு, மேஜையின் சொரசொரப்பு எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று கணக்குப் போடும். 1999-இல் மைக்ரோசாஃப்ட் இந்த வகை மவுசைக் கொண்டுவந்தபோது, அது விநாடிக்கு 1,500 படம் எடுத்தது. இன்றைய விளையாட்டு மவுஸ்கள் அதைப்போலப் பல மடங்கு எடுக்கின்றன. ஆனால் எடுத்த கணக்கைக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைக்க ஒரு முறை இருக்கிறது. சாதாரண மவுஸ் விநாடிக்கு 125 தடவை, அதாவது 8 மில்லி விநாடிக்கு ஒரு தடவைதான் தகவல் தரும். சொடுக்கு அதற்கு நடுவில் விழுந்தால் அடுத்த முறை வரும் வரை காத்திருக்க வேண்டும். விளையாட்டு மவுஸ் விநாடிக்கு 1,000 தடவை தரும். அந்த ஒரு மாற்றத்தில் காத்திருப்பு 8-இலிருந்து 1-க்கு இறங்கிவிடுகிறது. கிராபிக்ஸ் கார்டில் எவ்வளவு பணம் கொட்டினாலும் இந்த 7 மில்லி விநாடியை மீட்க முடியாது.

பித்தானுக்கு அடியில் நடப்பது இன்னும் விசித்திரம். அங்கே ஒரு மெல்லிய உலோகத் தகடு இருக்கிறது. அழுத்தினால் அது இன்னொரு முனையில் போய் ஒட்ட வேண்டும். ஆனால் ஒட்டுவதற்கு முன் அது துள்ளுகிறது. தரையில் போட்ட சில்லறைக்காசு அடங்குவதற்கு முன் கிடுகிடுவென ஆடுமே, அதுபோல. கம்ப்யூட்டரின் வேகத்தில் பார்த்தால் ஒவ்வொரு துள்ளலும் ஒரு தனிச் சொடுக்கு. ஆகவே முதல் தொடுதலுக்குப் பிறகு சில மில்லி விநாடிக்கு எது வந்தாலும் கண்டுகொள்ளாதே என்று மவுசுக்குள் இருக்கும் சில்லுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். நாளாக ஆகத் தகடு தளர்கிறது, முனையில் களிம்பு ஏறுகிறது, துள்ளல் அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவை அழுத்தியதாகப் பதிவாகும். 'டபுள் கிளிக் அடிக்குது' என்று சென்டர் வைத்திருப்பவர்கள் எல்லாரும் சொல்லும் நோய் இதுதான்.

இந்த நோய் எப்போது வரும் என்று ஓரளவு கணக்கிட்டுக்கூடச் சொல்லலாம். பல மவுஸ்களின் சுவிட்சுக்கு 2 கோடி சொடுக்கு ஆயுள் என்று போட்டிருப்பார்கள். கேட்கவே பிரமிப்பாக இருக்கும். விநாடிக்கு ஒரு சொடுக்கு, நாளுக்குப் பத்து மணி நேரம் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 36,000. இரண்டு கோடி தீர 555 நாள், அதாவது ஒன்றரை வருடம். வீட்டில் பத்து வருடம் வரும் மவுஸ் சென்டரில் இரண்டாவது தீபாவளியைப் பார்ப்பது சந்தேகம். தகட்டுக்குப் பதில் ஒளிக்கற்றையை வைத்து, பித்தான் அதை மறைக்கும்போது சொடுக்கு என்று பதிவு செய்யும் மவுஸ்கள் இப்போது வருகின்றன. ஒளிக்குத் துள்ளல் கிடையாது. அதை வாங்கச் சொன்னேன். எதை வாங்கினாலும் இருபது சிஸ்டத்துக்கு இருபத்தைந்து மவுஸ் வாங்கி, ஐந்தைப் பிரிக்காமல் வைக்கச் சொன்னேன். கீபோர்டுக்கும் இதே கதைதான். ரப்பர் மெத்தை வகையைவிட, ஒவ்வொரு சாவிக்கும் தனித்தனி சுவிட்ச் உள்ள மெக்கானிக்கல் வகை நீண்ட நாள் தாங்கும். டீ கொட்டிவிட்டாலும் பழுதான சாவியை மட்டும் மாற்ற முடிகிற மாதிரி பார்த்து வாங்கலாம்.

அடுத்தது மானிட்டர். இதில் கொஞ்சம் நின்று பேசத்தான் வேண்டும்.

1888-ஆம் ஆண்டு. பிராக் நகரில் ஃபிரீட்ரிக் ரைனிட்சர் என்ற தாவரவியல் அறிஞர் கேரட்டிலிருந்து பிரித்தெடுத்த கொலஸ்டிராலை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதிலிருந்து உண்டாக்கிய ஒரு பொருளைச் சூடாக்கியபோது அது இரண்டு தடவை உருகியது. 145 டிகிரியில் உருகிக் கலங்கலான திரவமானது. 178 டிகிரியில் அந்தக் கலங்கல் தெளிந்தது. ஒரு பொருள் எப்படி இரண்டு முறை உருகும்? அவர் அதை இயற்பியலாளர் ஓட்டோ லேமனுக்கு எழுதிக் கேட்டார். நடுவில் இருந்த கலங்கல், திரவத்தைப்போல ஓடியது, படிகத்தைப்போல ஒளியைத் திருப்பியது. அதுதான் திரவப் படிகம். இன்று சென்டரில் இருக்கும் ஒவ்வொரு திரையிலும், ஒவ்வொரு புள்ளியிலும், அந்த வகைப் பொருள்தான் மின்சாரம் பட்டுத் திரும்பித் திரும்பி ஒளியை விடுகிறது, தடுக்கிறது.

மூலக்கூறுகள் திரும்புவதற்கும் நேரம் வேண்டும். ஐபிஎஸ், விஏ என்று பெட்டியில் எழுதியிருப்பது அவை எந்த விதத்தில் திரும்புகின்றன என்பதைத்தான். விஏ வகையில் கறுப்பு ஆழமாக இருக்கும், படம் பார்க்க அருமை. ஆனால் மலிவான விஏ திரைகளில் இருட்டிலிருந்து கொஞ்சம் குறைந்த இருட்டுக்குப் புள்ளிகள் மாறுவது மெதுவாக நடக்கும். இருட்டு மூலையில் ஓடும் ஆள் தனக்குப் பின்னால் ஒரு புகைக்கோட்டை இழுத்துக்கொண்டு போவான். துப்பாக்கி விளையாட்டுக்கு ஐபிஎஸ்ஸே போதும், நல்லதும்கூட.

ஹெர்ட்ஸ் என்பது திரை விநாடிக்கு எத்தனை முறை புதுப்படம் காட்டுகிறது என்ற கணக்கு. 60 என்றால் ஒரு படத்துக்கு 16.7 மில்லி விநாடி. 75 என்றால் 13.3. 144 என்றால் ஏறக்குறைய 7. 240 என்றால் 4.2. கொட்டேஷனில் இருந்த பெரிய கார்டு விநாடிக்கு 240 படம் வரைந்தாலும், அந்த 75 ஹெர்ட்ஸ் திரை 75 முறைதான் மாறும். வரைந்ததில் பெரும்பகுதி முழுதாக எவர் கண்ணிலும் படாது. கார்டில் ஒரு படி இறங்கி, அந்தப் பணத்தில் 144 ஹெர்ட்ஸோ அதற்கு மேலோ திரை வாங்குவதுதான் இந்தத் தொழிலில் முதல் புத்திசாலித்தனம். 60-இலிருந்து 144-க்கு ஏறும்போது ஒரு படத்தில் கிட்டத்தட்ட 10 மில்லி விநாடி மிச்சம். 144-இலிருந்து 240-க்கு ஏறினால் 3-க்குக் கொஞ்சம் குறைவு. விலையோ ஒவ்வொரு படியிலும் ஏறிக்கொண்டே போகும், பலன் சுருங்கிக்கொண்டே போகும். அதனால் பதினாறு சீட்டுக்கு 144, போட்டிக்குப் பழகும் பையன்களுக்காக நான்கு சீட்டுக்கு மட்டும் 240 என்று முடிவு செய்தோம். அந்த நாலுக்கு மணிக்கட்டணம் கொஞ்சம் கூட.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு ஊரில் புதிதாகத் திறந்த சென்டருக்குப் போயிருந்தேன். சுவர் முழுக்க 144 ஹெர்ட்ஸ் என்று ஒட்டியிருந்தார்கள். ஒரு சிஸ்டத்தில் உட்கார்ந்து டிஸ்பிளே செட்டிங்ஸைத் திறந்து பார்த்தேன். 60-இல் இருந்தது. பக்கத்து சீட்டிலும் 60. விண்டோஸ் பல நேரம் 60-இலேயே ஆரம்பித்துவிடும், நாம்தான் போய் மாற்ற வேண்டும். அந்த உரிமையாளர் கடன் வாங்கி வாங்கிய வேகம் மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்தது. மாற்றிக் காட்டியதும் மவுஸ் அம்பை வட்டமாகச் சுழற்றிப் பார்த்துவிட்டு, அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. ரேமிலும் இப்படி ஒரு உறக்கம் உண்டு. பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட, பயாஸில் எக்ஸ்எம்பி என்பதை இயக்க வேண்டும். ஒரே 16 ஜிபி குச்சிக்குப் பதில் இரண்டு 8 ஜிபி போட்டால் பிராசசருக்கு இரண்டு வாசல் திறக்கும். ரேமைப் பற்றி அவ்வளவு தெரிந்தால் போதும்.

இப்போது பெரிய பெயர்களுக்கு வரலாம். முழு எச்டி திரையில் 20,73,600 புள்ளிகள் இருக்கின்றன. விநாடிக்கு 144 முறை என்றால் கிட்டத்தட்ட 30 கோடிப் புள்ளிகளுக்கு ஒவ்வொன்றாக நிறம் முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னாலும் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, நிழல் எங்கே விழுகிறது என்ற கணக்கு இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டின் சூட்சுமம் கூட்டம்தான். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060-இல் 3,072 சிறு கணக்கர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் பெரிய மேதை இல்லை. ஆனால் நாற்று நடுகிற வயலில் எல்லாரும் ஒரே நேரத்தில் குனிகிற மாதிரி, ஒரே வேலையை வேறு வேறு புள்ளியில் ஒன்றாகச் செய்கிறார்கள்.

பிராசசரின் வேலை வேறு. யார் எங்கே நிற்கிறார்கள், எறிந்த குண்டு எந்தச் சுவரில் பட்டுத் திரும்பியது, சர்வரிலிருந்து என்ன செய்தி வந்தது என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தீர்ப்பது அதன் பொறுப்பு. வேலோரண்ட், கவுண்டர்-ஸ்டிரைக் போன்ற துப்பாக்கி விளையாட்டுகள் கார்டைவிடப் பிராசசரைத்தான் அதிகம் வேலை வாங்கும். அந்தப் பிராசசரும் பாதி நேரம் காத்துக்கொண்டுதான் இருக்கிறது. 4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் பிராசசருக்கு ஒரு துடிப்பு கால் நானோ விநாடி. அந்த நேரத்தில் ஒளியே ஏழரை சென்டிமீட்டர்தான் போகும். ரேமுக்குப் போய் ஒரு எண்ணை எடுத்து வர 70, 80 நானோ விநாடி ஆகும். முந்நூறு துடிப்பு வீண். சமைக்கிறவர் கடுகுக்கு ஒவ்வொரு தடவையும் மளிகைக் கடைக்கு ஓட முடியாதே. அதற்குத்தான் அஞ்சறைப் பெட்டி. பிராசசருக்குள்ளும் கேஷ் என்று ஒரு அஞ்சறைப் பெட்டி உண்டு. 2022-இல் ஏஎம்டி ரைசன் 7 5800எக்ஸ்3டி என்ற பிராசசரை வெளியிட்டது. அதன் முந்தைய அண்ணன் 5800எக்ஸில் கேஷ் 32 எம்பி. இதில் பிராசசரின் தலைமேல் இன்னொரு சிலிக்கான் தளத்தை மாடி கட்டுவதுபோல் ஒட்டி, 96 எம்பி ஆக்கினார்கள். துடிப்பு வேகம் உண்மையில் கொஞ்சம் குறைவு. ஆனால் விளையாட்டுகளில் அண்ணனை முந்தியது. கடைக்கு ஓடும் ஓட்டம் குறைந்ததுதான் காரணம். கொட்டேஷனின் முதல் வரியைப் பார்த்து மயங்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. நாங்கள் நடுத்தரத்தில் ஆறு கோர் பிராசசரே எடுத்தோம்.

பழைய ஆபீஸ் சிஸ்டங்களை மொத்தமாக வாங்கி கார்டு மட்டும் செருகலாமே என்று அவனுக்கு ஒரு யோசனை இருந்தது. பணம் மிச்சம்தான். ஆனால் விண்டோஸ் 11-இல் வேலோரண்ட் ஓட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டும் வேண்டும். மிகப் பழைய போர்டில் அது கிடையாது. வாங்கிய பிறகு தெரிந்தால் வாசலில் நிற்கும் கூட்டத்திடம் என்ன சொல்வது?

இந்தத் தொழிலைக் கரைத்துக் குடித்தவர்கள் கொரியாக்காரர்கள். 1997-இல் ஆசியப் பொருளாதார நெருக்கடி தென்கொரியாவை உலுக்கியது. வேலை இழந்த பலர் கையிலிருந்த பணத்தைப் போட்டு 'பிசி பாங்' திறந்தார்கள். பாங் என்றால் அறை. அடுத்த வருடம் ஸ்டார்கிராஃப்ட் என்ற விளையாட்டு வந்தது, வீதிக்கு வீதி அறைகள் முளைத்தன. அங்கே வாடிக்கையாளர்கள் உள்ளே நுழையும் முன் எந்தக் கார்டு, எந்த மானிட்டர் என்று விசாரித்துவிட்டுத்தான் உட்காருவார்கள். அங்கேயும் சீனாவிலும் பரவிய ஒரு ஏற்பாடு என்னை ரொம்பக் கவர்ந்தது. கம்ப்யூட்டருக்குள் ஹார்டு டிஸ்க்கே இல்லை.

அது எப்படி நடக்கிறது? கடையின் மூலையில் ஒரு சர்வர். விண்டோஸும் எல்லா விளையாட்டுகளும் அதில்தான். சிஸ்டத்தை ஆன் செய்ததும் அது லேன் ஒயர் வழியாக சர்வரைக் கூப்பிட்டு, அங்கிருந்தே உயிர் பெறுகிறது. ஒரு கிகாபிட் ஒயரில் விநாடிக்கு 125 எம்பிக்கு மேல் வராது. சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே 500-க்கு மேல் தருமே, இது மெதுவாக இருக்காதா என்று தோன்றும். இங்கேதான் அழகு. இருபது பையன்களும் ஆடுவது நாலைந்து விளையாட்டுகளைத்தான். முதல் பையன் ஒரு வரைபடத்தைத் திறக்கும்போது சர்வர் அதை டிஸ்க்கிலிருந்து படித்துத் தன் ரேமில் வைத்துக்கொள்கிறது. அடுத்த பத்தொன்பது பேருக்கும் ரேமிலிருந்தே பரிமாறுகிறது. அப்டேட்டும் ஒரே இடத்தில் ஒரே தடவை. சிஸ்டத்தை ரீஸ்டார்ட் செய்தால் யார் என்ன குளறுபடி செய்திருந்தாலும் அழிந்து புதிதாகிவிடும். ஆனால் சர்வர் படுத்தால் கடையே படுத்துவிடும். அதைக் கழற்றி மாட்டத் தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லாத ஊரில் அது பெரிய ஆபத்து. அதனால் எங்கள் கணக்கில் ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் தனி எஸ்எஸ்டி. ஹார்டு டிஸ்க் கூடவே கூடாது. நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் தட்டில், தேவையான இடம் முள்ளுக்குக் கீழே வரவே சராசரியாக 4 மில்லி விநாடி ஆகும். முள் இடம் மாறும் நேரம் அதற்கு மேல். எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கு எதுவும் இல்லை.

அப்டேட் விஷயத்தில் மட்டும் கொரியப் பாடத்தைக் கொஞ்சம் கடன் வாங்கினோம். 100 ஜிபி விளையாட்டை 100 எம்பிபிஎஸ் லைனில் இறக்க இரண்டேகால் மணி நேரம் ஆகும். இருபது சிஸ்டமும் தனித்தனியாக இறக்கினால் 44 மணி நேரத்துக்கு மேல். ஒன்றில் இறக்கி, மற்றவை லேன் வழியாக அதனிடமிருந்து வாங்கிக்கொள்ளும் வசதியை ஸ்டீம் என்ற விளையாட்டுத் தளம் 2023-இல் கொண்டுவந்தது. அதற்குக் கடைக்குள் நல்ல கிகாபிட் ஸ்விட்சும் சரியாக இழுத்த ஒயரும் இருந்தால் போதும். வைஃபை வேண்டாம். காற்றில் ஒருவர் பேசும்போது மற்றவர்கள் வாயை மூட வேண்டும். ஒயரில் அந்தத் தொல்லை இல்லை.

"லைன் 300 எம்பிபிஎஸ் எடுக்கலாமா, 500 எடுக்கலாமா?" என்று அடுத்துக் கேட்டான். விளையாட்டு அவ்வளவெல்லாம் தின்னாது. ஒருவர் ஆட ஒரு எம்பிபிஎஸ்கூட வேண்டாம். வேண்டியது குறைந்த பிங், அதாவது தகவல் சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம். வேலோரண்டுக்கு மும்பையில் சர்வர் இருக்கிறது. திருச்சியிலிருந்து மும்பை நேர்கோட்டில் சுமார் 1,100 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும், வெற்றிடத்தில் போவதில் மூன்றில் இரண்டு பங்கு. போய்த் திரும்ப 11 மில்லி விநாடி. இது இயற்கை போட்ட எல்லை. இழை நேர்கோட்டில் போவதில்லை, வழியில் பல சந்திப்புகளும் உண்டு. ஆகவே நடைமுறையில் இதைப்போல இரண்டு மூன்று மடங்கு வரும்.

அந்தப் பிங் சில நேரம் திடீரென 300, 400 என்று எகிறும். பெரும்பாலும் அதற்குக் காரணம் கடைக்குள்ளேயே இருக்கிறது. 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர், வீட்டிலிருந்து பெரிய கோப்பு ஒன்றை அனுப்பும்போது பிங் ஒரு விநாடியையே தாண்டுவதைக் கண்டு தோண்டத் தொடங்கினார். மோடத்திலும் ரவுட்டரிலும் தகவல் பொட்டலங்கள் காத்திருக்க ஒரு அறை இருக்கும். மெமரி மலிவானதால் அந்த அறையை அளவுக்கு மீறிப் பெரிதாகக் கட்டிவிட்டார்கள். ஒருவர் பெரிய பதிவிறக்கம் போட்டால் அவருடைய பொட்டலங்கள் அறை முழுக்க நிற்கும். விளையாடுகிறவனின் குட்டிப் பொட்டலம் அத்தனைக்கும் பின்னால் வரிசையில் நிற்க வேண்டும். லைன் வேகமானதுதான், வரிசைதான் நீளம். 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் இதற்கு ஒரு தீர்வு எழுதினார்கள். அறையில் எத்தனை பொட்டலம் இருக்கிறது என்று எண்ணாதே, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் நின்றது என்று பார். 5 மில்லி விநாடிக்கு மேல் தொடர்ந்து நிற்கும் நிலை வந்தால் சிலதைக் கீழே போட்டுவிடு. அனுப்புகிறவன் புரிந்துகொண்டு வேகத்தைக் குறைப்பான். இதைச் செய்யும் வசதி உள்ள ரவுட்டர்கள் கிடைக்கின்றன. பெரிய பிளானுக்கு மாதாமாதம் கட்டும் பணத்தை ஒரு தடவை அந்த ரவுட்டரில் போடச் சொன்னேன்.

பிறகு சூடு. சென்டர் வைக்கிற பாதிப் பேர் இதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஃபேன் மின்சாரத்தைச் சுழற்சியாக்குகிறது, பல்பு வெளிச்சமாக்குகிறது. கம்ப்யூட்டர் எதுவாக்குகிறது? கணக்காக்குகிறது என்று தோன்றும். ஆனால் கணக்குக்கு எடை கிடையாது, அது ஆற்றலை விழுங்கி வைத்துக்கொள்ளாது. 300 வாட் இழுக்கும் சிஸ்டம் கடைசியில் 300 வாட் சூட்டையும் அறைக்குள் விடும். ஒரு பிட்டை அழிப்பதற்கே குறைந்தபட்சம் இவ்வளவு வெப்பம் வெளியாக வேண்டும் என்று ரோல்ஃப் லாண்டவர் 1961-இல் கணித்துச் சொன்னார். மிக மிக நுண்ணிய அளவுதான். ஆனால் மறப்பதற்குக்கூட இயற்கை விலை வைத்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

இருபது சிஸ்டத்துக்கு மானிட்டரோடு சேர்த்து 6,000 வாட். உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு ஒவ்வொன்றும் சுமார் 100 வாட் சூடு விடும், அது ஒரு 2,000. சித்திரை வெயிலில் மொட்டை மாடி கொடுப்பது தனி. ஏசியில் ஒரு டன் என்பது ஒரு டன் ஐஸ் ஒரு நாள் முழுக்க உருகும்போது இழுத்துக்கொள்ளும் வெப்பம், அதாவது சுமார் 3,500 வாட். அமெரிக்க டன், 907 கிலோ. ஆக சிஸ்டத்துக்கும் ஆளுக்கும் மட்டுமே இரண்டேகால் டன்னுக்கு மேல் வேண்டும். கூரைக்கும் சேர்த்து இரண்டு 2 டன் ஏசி என்று முடிவானது. அறை சூடேறினால் கார்டும் பிராசசரும் தங்களைக் காத்துக்கொள்ளத் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பணம் கொட்டி வாங்கிய வேகம் மதியம் இரண்டு மணிக்கு ஆவியாகிவிடும்.

கார்டைத் தேர்ந்தெடுக்க உதவியதும் இந்தச் சூட்டுக் கணக்குதான். பழைய ஆர்டிஎக்ஸ் 3060 முழு வேகத்தில் 170 வாட் இழுக்கும். 4060 அதைவிட வேகம், ஆனால் 115 வாட். வித்தியாசம் 55 வாட். இருபதால் பெருக்கினால் 1,100. அந்தச் சூட்டை வெளியே தள்ள ஏசி இழுப்பது அதில் மூன்றில் ஒரு பங்கு. தினம் பத்து மணி நேரம் எல்லா சிஸ்டமும் ஓடினால் வருடத்துக்கு ஐயாயிரம் யூனிட்டுக்கு மேல். மலிவாகக் கிடைத்த பழைய கார்டுக்கு அவன் இபி பில்லில் தவணை கட்டிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

கடைசியாக, பெயரில்லாத அந்த எஸ்எம்பிஎஸ். நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஆடுகிறது. அப்படி ஆடும்போது விநாடிக்கு 100 முறை அது பூஜ்ஜியத்தைத் தொடுகிறது. அதாவது விநாடிக்கு நூறு தடவை கரண்ட் போய்த்தான் வருகிறது. கம்ப்யூட்டர் அணையாமல் இருப்பதற்கு எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் உருளை வடிவ மின்தேக்கிதான் காரணம். சொட்டுச் சொட்டாக வரும் குழாய்த் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து ஒரே சீராக விடுவது மாதிரி. நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் கரண்ட் முழுதாக நின்றாலும் சுமார் 16 மில்லி விநாடிக்கு அந்தத் தொட்டி தாங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. சாதாரண யுபிஎஸ் பேட்டரிக்கு மாற எடுப்பது 10 மில்லி விநாடிக்குள். 10-க்கும் 16-க்கும் நடுவே உள்ள அந்த ஆறில்தான் பையனின் ஆட்டம் பிழைக்கிறது. பெயரில்லாத எஸ்எம்பிஎஸ்ஸில் காசு மிச்சம் பிடிக்க முதலில் சிறிதாக்குவது இந்த மின்தேக்கியைத்தான். வீட்டு இன்வெர்ட்டர் இருந்தும் சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகிறதே என்று பலர் குழம்புவதும் இதனால்தான். ஃபேனுக்காகச் செய்த இன்வெர்ட்டர் மெதுவாக மாறுகிறது, அதற்குள் தொட்டி காலி. 300 வாட் இழுக்கும் சிஸ்டத்துக்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ் போட்டால் தொட்டி இன்னும் நேரம் தாங்கும். இரண்டு சிஸ்டத்துக்கு ஒரு யுபிஎஸ் என்று பத்து வாங்கினோம். ஒன்று கெட்டால் இரண்டு சீட்டோடு போகும். ஸ்விட்சுக்கும் ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் தனியாக இன்னொன்று. திரை எரிந்துகொண்டிருக்க இணைப்பு அறுந்தால் என்ன பிரயோசனம்?

திறந்து மூன்றாவது வாரம் நான் போயிருந்தேன். ஆடிக் காற்று வெளியே புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. பதினேழு சீட் நிறைந்திருந்தது. எங்கோ கம்பி உரசியிருக்க வேண்டும், சட்டென்று டியூப்லைட் எல்லாம் அணைந்தது. இருட்டில் பதினேழு முகங்கள் மட்டும் திரை வெளிச்சத்தில் தெரிந்தன. விரல்கள் ஓடிக்கொண்டே இருந்தன. ஒருவரும் நிமிரவில்லை. அரை நிமிடம் கழித்து, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலேயே ஒரு பையன் குரல் கொடுத்தான்.

"அண்ணா, ஏசியக் கொஞ்சம் போடுங்கண்ணா."